சார்ஜ் ஏறும் போனைக் கணினி ஏன் காணவில்லை

“சார்ஜ் ஏறுதுதானே, அப்ப போர்ட்டில பிழை இல்லை. சொப்ட்வெயார்தான் பழுது. முழுசா றீசெற் பண்ணி அடிச்சுத் தாறம்.” வெள்ளவத்தையில் எங்கள் லேனில் குடியிருக்கும் ரீச்சருக்குப் போன் திருத்தும் கடை ஒன்றில் கிடைத்த பதில் இது. அவர் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர். விறாந்தையில் பலகைக்கு முன்னால் போனை ஸ்டாண்டில் மாட்டி ஒவ்வொரு பாடத்தையும் வீடியோவாகப் பிடிப்பார். பிறகு லப்டொப்புக்கு மாற்றி, வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பார். போனில் மெமரி கார்ட் போட இடமில்லை. உள்ள 128 ஜிபியும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. லப்டொப்பில் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, வேறு ஒன்றும் நடப்பதில்லை. றீசெற் செய்தால் பாடங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் கடையில் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். “தம்பி, இதை ஒருக்காப் பாப்பீரோ?”

சார்ஜ் ஏறுகிறது, ஆகவே கேபிள் செருகும் போர்ட் நல்லது என்ற கணக்கைக் கொழும்பில் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். அதை நம்பித் தங்கள் படங்களையும் குரல் பதிவுகளையும் அழிக்க விட்டவர்களையும் தெரியும். இந்தப் பதிவை விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

இந்தப் போனில் இருப்பது டைப்-சி போர்ட். அதற்குள் மொத்தம் 24 தொடுமுனைகள், மேலே 12, கீழே 12. மின்சாரத்துக்கு மட்டும் நேர் முனைகள் நான்கு, நிலமுனைகள் நான்கு. நேர் நான்கும் தமக்குள், நில நான்கும் தமக்குள் இணைந்தவை என்பதால் ஒன்று அழுக்குப் பிடித்தாலும் ஒன்று தேய்ந்தாலும் மிச்சமுள்ளவை சுமையைத் தாங்கிக்கொள்ளும். தரவுக்கு அப்படி இல்லை. சாதாரண யூ.எஸ்.பி. 2.0 வேகத்தில் கோப்பு போய் வருவது டி-பிளஸ், டி-மைனஸ் என்ற இரண்டே இரண்டு கம்பிகளில். போர்ட்டின் இரண்டு பக்கத்திலும் அந்தச் சோடி இருக்கிறது. ஆனால் கேபிளின் முனையில் அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஆக, எந்த நேரத்திலும் தரவைச் சுமப்பது இரண்டு தொடுமுனைகள். அதில் ஒன்று கைவிட்டாலும் கணினிக்கு அந்தப் போன் இல்லாத போன்தான், சார்ஜ் மட்டும் வழக்கம்போல ஏறிக்கொண்டிருக்கும்.

எதையும் தொட முதல் பாடங்களைக் காப்பாற்ற வேண்டும். கேபிள் வேலை செய்யாவிட்டாலும் வை-ஃபை வேலை செய்கிறது. கோப்பு மனேஜர் செயலிகள் பலவற்றில் எப்.டி.பி. சேவர் என்ற வசதி இருக்கிறது. அதை ஒன் பண்ணினால் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் காட்டும். அதே ரவுட்டரில் இணைந்திருக்கும் லப்டொப்பில் கோப்புறை சன்னலின் முகவரிக் கட்டத்தில் அதை அப்படியே எழுதினால் போனின் கோப்புகள் திறக்கும். டேட்டா முடிந்துவிடுமே என்று ரீச்சர் பயந்தார். கோப்பு ரவுட்டர் வழியாக வீட்டுக்குள்ளேயே போய் வருவதால் மாதப் பொதியில் இருந்து எதுவும் கழியாது. சேவருக்குக் கடவுச்சொல் போடுவது நல்லது, போனின் பற்றரி சேமிப்பு முறையை நிறுத்துவதும் நல்லது, இல்லாவிட்டால் திரை அணைந்த கையோடு இணைப்பும் அறுந்துவிடும். பரீட்சைக்கு உடனே தேவையான பாடங்களை முதலில் எடுத்தோம், மிச்சத்தை இரவு முழுக்க ஓடவிட்டோம்.

வை-ஃபையிலேயே எடுக்கலாம் என்றால் பிறகு ஏன் திருத்த வேண்டும் என்று ரீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. நீளமான வீடியோக்கள் வை-ஃபையில் பாதியில் நிற்கும், அது முதல் காரணம். இரண்டாவது, போர்ட்டில் தரவு போய்விட்டது என்றால் அங்கே ஏதோ தேய்கிறது அல்லது அரிக்கிறது. இன்றைக்குத் தரவு, பிறகு ஒரு நாள் சார்ஜும் ஏறாது.

சரி, இனித் தேடலாம். போனைச் செருகும்போது லப்டொப் என்ன செய்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சத்தமும் இல்லை, திரையில் செய்தியும் இல்லை என்றால் தரவுக் கம்பியில் எதுவுமே போகவில்லை, அனேகமாகக் கேபிள், இல்லாவிட்டால் போர்ட். சத்தம் கேட்டு, இந்தச் சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று வந்தால் கம்பியில் ஏதோ போகிறது, ஆனால் சிதைந்து போகிறது. போனின் பெயர் வந்து உள்ளே கோப்புறை வெறுமையாக இருந்தால் கம்பி, போர்ட் எல்லாம் நல்லது, போனின் அமைப்பில் ஒரு தெரிவு மாறியிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக, கருவியோடு பேசக் கணினிக்கு உதவும் ட்ரைவர் என்ற மென்பொருளைத் தேடி இறக்குவதில்தான் ஆட்களின் நேரம் போகிறது.

ரீச்சரின் போன் முதலாவது வகை. சத்தமே இல்லை.

கேபிளைப் பார்த்தேன். வெள்ளை, மெல்லியது. எங்கே வாங்கியது என்று கேட்டால், சார்ஜ் பண்ணும் மேசை விசிறியோடு வந்ததாம். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் விசிறி, விளக்கு என்று வாங்காத வீடு இங்கே குறைவு. அவற்றோடு வந்த கேபிள்கள் இன்றைக்கும் எல்லார் லாச்சியிலும் போன் கேபிள்களோடு கலந்து கிடக்கின்றன. அந்த வகைக் கேபிள்கள் பலவற்றில் தரவுக் கம்பி போடப்பட்டிருக்காது. விசிறிக்கு மின்சாரம் மட்டும் போதும், மிச்சம் செலவு. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேறு ஒரு நல்ல போனில் போட்டு, கணினி கண்டுகொள்கிறதா என்று பார்ப்பதுதான் எளிய சோதனை. மல்டிமீற்றர் இருந்தால் கணினிப் பக்கத்து அகல முனையின் நான்கு தகடுகளில் ஓரத்து இரண்டும் மின்சாரம், நடு இரண்டும் தரவு என்று வைத்துச் சோதிக்கலாம். என் போனிலும் அந்தக் கேபிள் சார்ஜ் மட்டும்தான் கொடுத்தது. சந்தேகமில்லை, விசிறிக் கேபிள்.

பல பேருக்கு விடை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ரீச்சருக்கு முடியவில்லை.

என்னிடமுள்ள நல்ல கேபிளைப் போட்டதும் லப்டொப் சத்தம் போட்டது, ஆனால் சாதனத்தை அறிய முடியவில்லை என்ற செய்தியோடு. இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி, கோட் 43, டிவைஸ் டிஸ்கிரிப்டர் கோரிக்கை தோல்வி. இந்த வரியின் பொருள் விளங்கினால் நிறைய அலைச்சல் மிச்சம். போனைச் செருகியதும் கணினி முதலில் கேட்பது, நீ யார் என்பதை. போன் 18 பைட் நீளமான ஒரு பதிலை அனுப்ப வேண்டும். அதில் தயாரித்த நிறுவனத்தின் இலக்கம், அந்தக் கருவியின் இலக்கம் எல்லாம் இருக்கும். ஷாவ்மி என்றால் 2717, சாம்சங் என்றால் 04E8. அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் விண்டோஸ் எந்த ட்ரைவரை ஏற்றுவது என்று முடிவெடுக்கிறது. டிஸ்கிரிப்டர் தோல்வி என்றால் இந்த முதல் கேள்விக்கே ஒழுங்கான பதில் வரவில்லை. ப்ரொபர்ட்டீஸில் இலக்கத்தைப் பார்த்தால் நிறுவனம் 0000, கருவி 0002 என்று இருக்கும். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட இலக்கம் அது. யாரென்றே தெரியாத கருவிக்கு எந்த ட்ரைவரை இறக்கினாலும் பயனில்லை. இணையத்தில் ட்ரைவர் பொதி என்று விற்கும், விளம்பரம் நிறைந்த மென்பொருள்களை இந்தக் கட்டத்தில் ஏற்றவே வேண்டாம்.

லப்டொப்பிலா போனிலா பிழை என்று பார்க்க, என் மேசைக் கணினியில் போட்டேன். அதில் லினக்ஸ். கணினி தனக்குள் நடப்பதை எழுதிவைக்கும் டிமெசேஜ் பதிவில் டிஸ்கிரிப்டர் வாசிப்புப் பிழை -71 என்று வரிசையாக வந்தது. -71 என்றால் பதில் வருகிறது, ஆனால் குழம்பி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். -110 என்றால் பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டது. இரண்டு கணினியும் ஒரே கதையைச் சொல்வதால் லப்டொப் மேல் பழியில்லை.

அடுத்து ஒரு சின்னப் பென் ட்ரைவை, போனில் மாட்ட உதவும் ஓ.டி.ஜி. முனையோடு போனில் செருகினேன். போன் அதையும் காணவில்லை. இது மிக நல்ல சோதனை, கணினியே தேவையில்லை. பென் ட்ரைவை வாசிக்கும் போன் என்றால் அதன் தரவு வழி சரி, பிழையைக் கேபிளிலோ கணினியிலோ அமைப்பிலோ தேடலாம்.

கடைக்காரர் சொன்ன சொப்ட்வெயார்ப் பழுதையும் நேரே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனை அணைத்து, ஒலி குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பல போன்கள் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போகும், சாம்சங்கில் அதற்குப் பதிலாக டவுன்லோட் நிலை, அதற்கு அழுத்தும் பட்டன்கள் மொடலுக்கு மொடல் வேறுபடும். அந்த நிலையில் அன்ட்ரொயிட் ஓடுவதில்லை. அமைப்பு, செயலி, வைரஸ் எதுவும் குறுக்கே வர முடியாது. அப்போது கேபிளைப் போட்டு, கணினி சரியான நிறுவன இலக்கத்தோடு போனைக் கண்டால் கம்பி வழி நல்லது, பழுது அன்ட்ரொயிட்டில் என்று தேடலாம். அப்போதும் டிஸ்கிரிப்டர் தோல்வி என்றால் றீசெற்றால் ஒரு மாற்றமும் வராது. ரீச்சரின் போன் ஃபாஸ்ட்பூட்டிலும் அதே -71. தேவையில்லாமல் அழிபட இருந்த பாடங்கள் அவை. வெளியேற, பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் போதும். திரையில் வைப் டேட்டா, அதாவது தரவை அழி என்று ஏதாவது தெரிந்தால் அதன் பக்கம் போகவே கூடாது.

இடையில், கணினிக்குப் போனின் பெயர் தெரிந்தும் கோப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015இல் வந்த அன்ட்ரொயிட் 6 முதல், கேபிள் போட்டதும் போன் சார்ஜ் மட்டும் என்ற நிலையில்தான் நிற்கும். கண்ட இடத்தில் சார்ஜ் போடும்போது யாரும் தரவை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யூ.எஸ்.பி. அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் ட்ரான்ஸ்பர் என்று மாற்ற வேண்டும். ஐபோனில் இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு ட்ரஸ்ட் கொடுக்க வேண்டும். ஐபோன் படங்கள் பாதியில் பிழை காட்டி நின்றால் போட்டோஸ் அமைப்பில் கீப் ஒரிஜினல்ஸ் என்பதைத் தெரிவு செய்து பாருங்கள், அனேகமாகச் சரிவரும்.

விண்டோஸில் போன் மஞ்சள் முக்கோணத்தோடு, ஆனால் சரியான இலக்கத்தோடு தெரிந்தால் அப்போதுதான் ட்ரைவர் வேலை. அப்டேட் ட்ரைவரில் கணினியிலுள்ள பட்டியலில் இருந்து தெரிவு செய்யும் வழியைப் பிடித்து எம்.டி.பி. யூ.எஸ்.பி. டிவைஸ் என்பதைக் கொடுத்தால் போதும், இணையம் வேண்டியதில்லை.

வெள்ளவத்தை ஆட்களுக்கென்று சொல்ல இன்னொன்று. ஐரோப்பாவில் இருந்து வரும் உறவினர் கொண்டுவந்து தரும் லப்டொப் சிலவற்றில் விண்டோஸ் ‘என்’ (N) என்ற பதிப்பு இருக்கும். 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசொப்டுக்கு எதிராக எடுத்த தீர்மானத்தால் மீடியா ப்ளேயர் இல்லாமல் விற்க வந்த பதிப்பு அது. மீடியா பகுதியோடு சேர்ந்து, போனில் இருந்து கோப்பு எடுக்கும் எம்.டி.பி. ஆதரவும் அதில் இல்லை. எத்தனை கேபிள் மாற்றினாலும் கோப்பு தெரியாது. ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் மீடியா ஃபீச்சர் பேக் என்பதைச் சேர்த்து மீளத் தொடக்கினால் உடனே சரி. பெட்டியிலிருந்து எடுத்த லப்டொப்பைப் பழுது என்று ஒதுக்கி வைத்திருந்த வீடு ஒன்றை இதனால்தான் மீட்க முடிந்தது.

மறுபடி ரீச்சரின் போனுக்கு. டோர்ச் வெளிச்சத்தில் போர்ட்டைப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு இறுகிக் கிடந்தது. கேபிள் முனை கடைசிவரை போய் டக்கென்று இருக்காமல் கொஞ்சம் வெளியே நின்றதற்கு அதுதான் காரணம். போனை அணைத்து, மரப் பல்குத்தியின் முனையைப் பிளேட்டால் தட்டையாகச் சீவி, நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கில் முட்டாமல் ஓரமாக விட்டு மெல்ல மெல்லக் கிளறி எடுத்தேன். ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம். தொடுமுனையின் பூச்சைக் கீறிவிடும், இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டால் போர்டுக்கே கேடு. பஞ்சு போனபின் 99 வீத ஐசோப்ரொபைல் அல்கஹோலை மென்மையான தூரிகையில் தொட்டுத் துடைத்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 வீதத்தில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், இந்த வேலைக்கு அது சரியில்லை. துடைத்த தூரிகையில் இலேசாகப் பச்சை ஒட்டியது.

நன்றாகக் காயவிட்டுச் செருகினேன். பழையபடி கோட் 43. முனையைப் புரட்டிப் போட்டேன். போனின் பெயர் வந்தது, கோப்புகளும் வந்தன.

ரீச்சருக்குச் சந்தோஷம், வேலை முடிந்தது என்று நினைத்தார். எனக்கு இது திருப்தியில்லை. புரட்டினால் வேலை செய்கிறது என்றால் ஒரு பக்கத்துத் தொடுமுனைகள் தேறிவிட்டன, மற்றப் பக்கம் இன்னும் கெட்டுத்தான் இருக்கிறது. தேறிய பக்கமும் நிலைக்கவில்லை. பெரிய வீடியோ ஒன்றைப் பிரதி எடுக்கத் தொடங்கியதும் நடுவில் இணைப்பு விட்டுப்போனது, கேபிளை விரலால் அசைத்தால் வந்து வந்து போனது. திறந்து பார்ப்பதே சரி என்று ரீச்சரிடம் சொன்னேன். பாடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே லப்டொப்பில் இருப்பதால் அவர் தயங்கவில்லை.

இந்தப் போனில் சார்ஜ் போர்ட் மெயின் போர்டில் இல்லை. அடிப்பக்கத்தில் சப் போர்டு என்ற சிறிய பலகையில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தட்டையான ஃப்ளெக்ஸ் நாடா மேலே மெயின் போர்டுக்குப் போகிறது. நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இதே அமைப்பு. திருத்துகிறவருக்கு இது பெரிய வசதி. போர்ட் மெயின் போர்டிலேயே ஒட்டப்பட்ட போன் என்றால் சூடான காற்றால் பற்றாசை இளக்கி எடுக்க வேண்டும், அது கைதேர்ந்தவர் வேலை, வீட்டில் முயற்சிக்கக் கூடாது.

பற்றரியை முதலில் நன்றாக இறங்க விட்டேன், நிறைந்த லித்தியம் பற்றரியில் தவறி ஏதும் குத்தினால் ஆபத்து அதிகம். ஹெயார் ட்ரையரால் பின்மூடியின் ஓரத்தைச் சூடாக்கி, பழைய வங்கி அட்டையை நுழைத்துப் பசையை விடுவித்தேன். கழற்றிய திருகாணிகளை ஒரு தாளில் போனின் உருவத்தைக் கீறி, அந்தந்த இடத்திலேயே வைத்தேன். நீளத்தில் சிறு வித்தியாசம் உள்ளவை, மாறிப்போனால் போர்டைத் துளைக்கும். உள்ளே முதல் வேலை பற்றரி இணைப்பைக் கழற்றுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃப்ளெக்ஸ் நாடாவின் இணைப்பைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. அப்புறம் டைப்-சி டெஸ்ட் போர்டைப் போர்ட்டில் செருகினேன். 24 முனைகளையும் வெளியே பெயரோடு பிரித்துக் காட்டும் சிறிய பலகை அது, திருத்தும் ஆட்கள் பலரிடமும் இருக்கும். மல்டிமீற்றரை டயோட் நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை நிலமுனையிலும் கறுப்பைத் தரவு முனையிலும் வைத்தால் அந்த வழி உள்ளே சிப் வரை போகிறதா என்று தெரியும். புரட்டிப் போட்டால் வேலை செய்த பக்கத்தில் டி-பிளஸ், டி-மைனஸ் இரண்டும் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட ஒரே அளவு. மற்றப் பக்கத்தில் டி-பிளஸ் அதே அளவு, டி-மைனஸில் மீற்றர் ஒன்றும் காட்டவில்லை, வழி அறுந்திருக்கிறது.

இந்த அளவீடு எனக்கு மிகவும் முக்கியம். இரண்டு பக்கத்து டி-மைனஸும் சப் போர்டிலேயே ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழியாக மேலே போகின்றன. ஒரு பக்கத்தில் சரியாகக் காட்டுகிறது என்றால் நாடா நல்லது, மெயின் போர்டிலுள்ள சிப் நல்லது. அறுந்த இடம் போர்ட்டின் வாய்க்குள்தான். இப்படி அளந்து பார்க்காமல் மெயின் போர்டு போய்விட்டது என்று சொல்லிப் புதுப் போன் வாங்க வைப்பது எவ்வளவு அநியாயம்.

சப் போர்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ரீச்சரும் பக்கத்தில் இருந்தார். அறுந்த முனையில் தங்கப் பூச்சு தேய்ந்து, அடியில் பச்சை. நான் சொல்ல முதல் அவரே விளக்கத் தொடங்கிவிட்டார். “தங்கம் தேய்ஞ்ச இடத்தால செம்பு வெளியால வந்திட்டுது. கடல் காத்தில உப்பு, காத்தில ஈரம், பக்கத்தில அஞ்சு வோல்ட். இது மின்பகுப்புத்தானே தம்பி, என்ர பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற அதே பாடம்.” அவர் வீட்டு விறாந்தை கடலைப் பார்த்தது, இடையில் ரயில் பாதையும் மரைன் டிரைவும் மட்டும்தான். பூச்சு ஏன் தேய்ந்தது என்பதும் விளங்கியது. பாடம் எடுக்கும்போது போன் ஸ்டாண்டில் நிற்க, சார்ஜ் கேபிள் கீழே தொங்கிக்கொண்டு முனையை எப்போதும் ஒரே பக்கமாக இழுத்திருக்கிறது. டைப்-சி போர்ட் 10,000 தடவை செருகி எடுக்கத் தாங்கும் என்பது வடிவமைப்புக் கணக்கு, ஆனால் அது நேராகச் செருகி நேராக எடுப்பதற்கு.

புதுச் சப் போர்டுக்காக 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் போன் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய போர்டைக் கட்டாயம் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரே மொடல் போனுக்கே இரண்டு மூன்று வகைச் சப் போர்டு உண்டு, பலகையில் அச்சிட்ட இலக்கம் ஒத்துப்போக வேண்டும், நாடாவின் இணைப்பி அதே இடத்தில் அதே அளவில் இருக்க வேண்டும். மலிவானது ஒன்றும் விலை கூடியது ஒன்றும் காட்டினார்கள். இந்தப் போனில் பேசும் மைக் இருப்பதும் இதே பலகையில்தான். மலிவான பலகைகள் சிலவற்றில் மைக்கின் தரம் குறைவு, வேகச் சார்ஜும் வராமல் போவதுண்டு. பாடம் பதிவு செய்கிறவரின் போனுக்கு மைக்கில் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. விலை கூடியதையே எடுத்தேன். திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

மூடியை ஒட்ட முதல் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும், ஒட்டியபின் பிழை கண்டால் மறுபடி சூடாக்க வேண்டிவரும். பலகையை வைத்து, நாடாவை மாட்டி, கடைசியாகப் பற்றரியை இணைத்து ஒன் பண்ணினேன். சார்ஜ் ஏறியது, வேகச் சார்ஜ் அறிவிப்பும் வந்தது. லப்டொப்பில் இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிப் போட்டேன், இரண்டிலும் பெயர் வந்தது. பென் ட்ரைவையும் வாசித்தது. கேபிளை அசைத்தபடி பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டேன், அறுபடவில்லை. ரீச்சர் விறாந்தையின் மறுமுனையில் நின்று ஒரு சமன்பாட்டைப் படிப்பிப்பதுபோல உரக்கச் சொல்ல, பதிவு செய்து கேட்டோம். குரல் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பசை போட்டு மூடினேன். திறந்த போனுக்கு முன்பிருந்த நீர்த்தடுப்பு அப்படியே திரும்பாது என்பதை ரீச்சரிடம் தெளிவாகச் சொன்னேன். மழையில் பையின் வெளி உறையில் வைக்கக் கூடாது.

வை-ஃபையில் விட்டுப்போன பாடங்களைக் கேபிளில் எடுத்தோம். கட் பண்ணி ஒட்ட வேண்டாம், பிரதி எடுத்து, இரண்டு பக்கத்திலும் கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சிலவற்றின் கடைசி நிமிடங்களை ஓட்டிப் பார்த்து, அப்புறம் போனில் அழிக்கச் சொன்னேன். அண்மையில் பிடித்த வீடியோ ஒன்று லப்டொப்பில் தெரியவில்லை. எம்.டி.பி.யில் இது வழமை, போன் தன் கோப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும்வரை புதுக் கோப்பு வெளியே தெரியாது. போனை மீளத் தொடக்கியதும் வந்தது.

ஸ்டாண்டுக்கு எல் வடிவ முனையுள்ள கேபிள் ஒன்று வாங்கி, கேபிளை ஸ்டாண்டின் காலோடு வெல்க்ரோவால் கட்டிவிட்டேன். இனி அதன் பாரம் போர்ட்டில் இறங்காது. விசிறிக் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, சார்ஜ் மட்டும் என்று எழுதி, விசிறியோடேயே வைத்துவிட்டு வந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை டோர்ச் பிடித்துப் போர்ட்டைப் பார்க்கிறேன் என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். பச்சை ஏதும் கண்டால் அழைப்பார்.